வாங்கினார் சரி, எப்படி வாங்கினார்?

நேயர்களுக்கு வணக்கம். ஒரு நிறுவனத்தின் தலைவர் தன் நிறுவனப் பங்கையே வாங்கினால் அது குற்றமில்லையா என்று பலர் கேட்பதுண்டு. வெளியே வராத முக்கியத் தகவலைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குவதும் விற்பதும்தான் குற்றம். மற்றபடி தாராளமாக வாங்கலாம், ஆனால் ஊரறியச் சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இந்தக் கட்டாயம் உண்டு. இயக்குநர்கள், உயர் அதிகாரிகள், 10 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதில் அடக்கம். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது. பங்கை நிறுவனத்துக்கே திருப்பி விற்றால், அடுத்த ஆண்டு சொன்னால் போதும். 2001இல், அந்த ஆண்டே திவாலான என்ரான் என்ற எரிசக்தி நிறுவனத்தின் தலைவர் கென்னத் லே, தான் பங்கு வாங்கியதாக ஊழியர்களிடம் சொன்னார். அதே காலத்தில் கடனை அடைக்க நிறுவனத்துக்கே பங்குகளை விற்றுக்கொண்டும் இருந்தார். வாங்கியது தெரிந்தது, விற்றது தெரியவில்லை. 2002இல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. இப்போது வாங்கியதையும் விற்றதையும் சொல்லும் ‘படிவம் 4’ இரண்டு வேலை நாளுக்குள் தாக்கலாக வேண்டும். அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் எட்கர் இணையதளத்தில் அதை யாரும் காசில்லாமல் பார்க்கலாம்.

அதைத் திறந்ததும் கண் தொகைக்குத்தான் போகும். அதற்கு முன்னால், தொகைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை எழுத்தைப் பாருங்கள். ‘பி’ (P) என்றால் காசு கொடுத்து வாங்கியது. ‘ஏ’ (A) என்றால் நிறுவனம் வழங்கியது. பெரும்பாலும் விலைக் கட்டத்தில் பூஜ்யம்தான் இருக்கும். ‘எஃப்’ (F) என்றால் பெரும்பாலும் வரிக்காகப் பிடித்தம் செய்தது. ‘ஏ’வைப் பார்த்துவிட்டு, “இயக்குநர் பங்குகளை வாங்கிக் குவித்தார்” என்று செய்தி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் எங்கே வாங்கினார்? சம்பளத்தோடு வந்தது!

விற்பனையைப் பற்றி நான் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. வீடு வாங்க, வரி கட்ட, விவாகரத்துக்கு என்று விற்க ஆயிரம் காரணம் உண்டு. பல விற்பனைகள் முன்கூட்டியே எழுதிவைத்த திட்டப்படி நடப்பவை. 2023 முதல் அதைக் குறிக்கப் படிவத்திலேயே தனிக் கட்டம் இருக்கிறது.

‘பி’ விஷயம் வேறு. வாங்கிய ஆறு மாதத்துக்குள் லாபத்துக்கு விற்றால், அந்த லாபத்தை நிறுவனம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆகவே சொந்தப் பணத்தில் வாங்குகிறவர் குறைந்தது ஆறு மாதத்துக்கு அப்பால் பார்த்துத்தான் வாங்குகிறார். அடுத்த வாரமே விற்க நினைப்பவர் அவரைப் பின்தொடர்வதில் பொருளே இல்லை. ஒருவர் மட்டுமல்லாமல், சில வாரங்களுக்குள் நிதி அதிகாரியும் இரண்டு இயக்குநர்களும் சேர்ந்து வாங்கினால் நான் நிமிர்ந்து உட்காருவேன். அதுவும் ஆய்வாளர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத சிறிய நிறுவனமாக இருந்தால் இன்னும் கவனிப்பேன். அப்போதும் ‘வாங்கிய பிறகு கையிருப்பு’ என்ற கட்டத்தைப் பார்த்துவிடுங்கள். பத்து லட்சம் பங்கு வைத்திருப்பவர் இன்னும் இரண்டாயிரம் வாங்கினால், அது முதலீட்டாளர் கண்ணில் படுவதற்காகவே வாங்கியதாகவும் இருக்கலாம்.