எலி தயாரிச்சுக் கொடுத்த ஆயுதம்: சுண்டெலி ரத்தத்துல ஒரு ஆன்டிபாடி என்ன பண்ணுது?

(திரையில்: ஐஸ் பெட்டிக்குள்ள செருகி வெச்ச ஒரு குட்டி பிளாஸ்டிக் குப்பி. சுண்டுவிரல் நீளம்கூட இல்ல.)

வணக்கம் மக்களே! இந்தக் குப்பியை நல்லா பாருங்க. உள்ள இருக்கிறது தண்ணி மாதிரி தெரியுதா? இதுல கொஞ்சத்தை ஒரு சுண்டெலியோட ரத்தத்துல செலுத்தினா, ரத்தக்குழாய்ச் சுவரைப் பிடிச்சு மெதுவா உருண்டுட்டிருந்த வெள்ளையணுக்கள் பிடி நழுவி ரத்தத்தோட ஓடிடும். சில நிமிஷத்துல, நம்ம கண்ணு முன்னாடி, மைக்ரோஸ்கோப்புலயே பார்க்கலாம். இதைத் தயாரிச்சது யாரு தெரியுமா? ஒரு எலி!

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நாம பேச்சுல எல்லாத்தையும் "எலி"ன்னு சொல்லிடுவோம். இந்த வீடியோவுல அப்படி வேண்டாம். சுண்டெலி வேற, எலி வேற. ஆய்வுக்கூடச் சுண்டெலி 20, 30 கிராம்தான் இருக்கும். எலி அதைவிடப் பத்து மடங்கு கனமா வளரும். ரெண்டும் வேற வேற இனம். அதனாலதான் இந்தக் கதையே நடக்குது. சுண்டெலியோட புரதத்தை எலிக்கு ஊசி போட்டா, எலியோட உடம்பு "இது என்னுது இல்ல"ன்னு அதுக்கு எதிரா ஆன்டிபாடி செய்யும், அதாவது அதை மட்டும் தேடிப் பிடிக்கிற புரதம். அந்த ஆன்டிபாடியைச் சுரக்கிற செல்லைப் புற்றுசெல்லோட இணைச்சு, சாகாம வளர வெச்சு, ஒரே மாதிரி ஆன்டிபாடியை எவ்வளவு வேணும்னாலும் எடுக்கலாம். 1975-ல கோலர், மில்ஸ்டீன்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்ச வழி. 1984-ல நோபல் பரிசு. பின்னணி இவ்வளவு போதும், விஷயத்துக்கு வருவோம்.

நம்ம குப்பியில இருக்கிற ஆன்டிபாடியோட பேரு ஆர்பி40.34. இது பிடிக்கிற புரதம் பி-செலெக்டின், இன்னொரு பேரு சிடி62பி. எனக்கு ரொம்பப் பிடிச்ச புரதம். ஏன்னா ரத்தம் உறையறது ஒரு துறை, நோய் எதிர்ப்பு இன்னொரு துறைன்னு பாடப்புத்தகம் பிரிச்சு வெச்சிருக்கு. இந்தப் புரதம் ரெண்டு பக்கமும் வேலை பார்க்குது.

எங்க இருக்கும்? ரெண்டு இடத்துல ஒளிஞ்சிருக்கும். ஒண்ணு, ரத்தத்தட்டுக்குள்ள இருக்கிற ஆல்ஃபா துகள்கள். இன்னொண்ணு, ரத்தக்குழாயோட உள்சுவர் செல்கள்ல இருக்கிற வைபெல்-பலாடி உறுப்புகள். 1964-ல வைபெல், பலாடி ரெண்டு பேரும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புல பார்த்துச் சொன்னது. படத்தைப் பாருங்க, சுருட்டு மாதிரியே நீளமா இருக்கா?

காயம் பட்டதும் இந்தத் துகள்கள் செல்லோட தோலோட ஒட்டி, உள்பக்கம் வெளிய வந்திடும். சட்டைப்பையை வெளிய இழுத்து விட்டா உள்துணி தெரியுமே, அதேதான். புதுசா புரதம் செய்ய நேரம் வேண்டாம். சில நிமிஷத்துல பி-செலெக்டின் வெளிய நீட்டிட்டு நிக்கும்.

இப்ப நான் காட்டணும்னு துடிச்ச இடத்துக்கு வந்தாச்சு.

(திரையில்: உருளும் வெள்ளையணுக்களின் அசைவுப்படம். மெதுவாக.)

ஆத்து வெள்ளத்துல ஒருத்தர் அடிச்சிட்டுப் போறார்னு வெச்சுக்கங்க. கரையோரம் நாணல் இருக்கு. ஒரு நாணலைப் பிடிக்கிறார், அது நழுவுது. அடுத்ததைப் பிடிக்கிறார், அதுவும் நழுவுது. ஒவ்வொரு பிடியிலயும் வேகம் குறையுது. கடைசியில கரையேறிடறார். வெள்ளையணு செய்யறது அதேதான். பி-செலெக்டின்தான் நாணல். வெள்ளையணுவோட மேல இருக்கிற பிஎஸ்ஜிஎல்-1 அதோட கை. பிடி உறுதியா இருந்தா பயனில்ல. டக்குன்னு பிடிக்கணும், டக்குன்னு விடணும். அப்பத்தான் உருள முடியும். 1991-ல லாரன்ஸ், ஸ்பிரிங்கர் ரெண்டு பேரும் கண்ணாடிமேல வெறும் பி-செலெக்டினைப் பதிச்சு, மேல வெள்ளையணுக்களை ஓட விட்டாங்க. உயிருள்ள ரத்தக்குழாயே இல்ல, அப்பவும் உருண்டுச்சு! எத்தனை தடவை படிச்சாலும் எனக்குச் சிலிர்க்குது.

சுண்டெலியில இதைப் பார்க்க, ஆண் சுண்டெலியோட விதையைச் சுத்தியிருக்கிற மெல்லிய தசையை எடுத்து விரிப்பாங்க. வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிசு. அதை வெளிய எடுத்ததே ஒரு காயம், அதனால உருளல் தானா ஆரம்பிச்சிடும். அந்த நேரத்துல ஆர்பி40.34 கொடுத்தா, நாணல் ஒவ்வொண்ணுக்கும் உறை மாட்டின மாதிரி ஆயிடும். கை பிடிக்காது, உருளல் கிட்டத்தட்ட நின்னுடும். ஆக, இந்த ஆன்டிபாடி புரதம் எங்க இருக்குன்னு அடையாளம் காட்டறதோட நிக்காது, அதோட வேலையையும் தடுக்கும். எல்லா ஆன்டிபாடியும் இப்படித் தடுக்காது. புரதத்துல எந்த இடத்தைப் பிடிக்குதுங்கிறதைப் பொறுத்தது. அதனாலதான் வாங்கறப்போ குளோன் எண்ணை, அதாவது ஆர்பி40.34 மாதிரி எந்தச் செல்வரிசை சுரந்த ஆன்டிபாடின்னு சொல்ற பேரை, பார்த்து வாங்குங்கன்னு கெஞ்சிக் கேக்கறேன்.

1994-ல ஜெர்மன் விஞ்ஞானிகள் சுண்டெலியோட வயித்து உள்ளறையில பார்த்தப்போ, பி-செலெக்டினை மட்டும் தடுத்தா நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளையணு வர்றது முழுசா நிக்கல. வெள்ளையணு மேலயே இருக்கிற அதோட உறவுக்காரப் புரதம் எல்-செலெக்டினையும் சேர்த்துத் தடுத்தாத்தான் நின்னுச்சு. அதுக்கு முந்தின வருஷமே, 1993-ல, பி-செலெக்டின் மரபணுவே இல்லாத சுண்டெலியை உருவாக்கியிருந்தாங்க. அதுங்களுக்கு உருளல் பெரிய அளவுல கெட்டுப்போச்சு. அடிபட்டா ரத்தம் நிக்கவும் வழக்கத்தைவிட நேரம் ஆச்சுன்னு பின்னால தெரிஞ்சுது.

இப்ப ஆய்வுக்கூடத்துல இருக்கிற தம்பி தங்கைகளுக்கு. ரத்தத்தட்டு தூண்டப்பட்டிருக்கான்னு பார்க்க இதே ஆன்டிபாடியில ஒளிரும் சாயம் ஒட்டி, செல்லை ஒண்ணொண்ணா லேசர் முன்னாடி ஓட விட்டு வெளிச்சத்தை அளக்கிற ஃப்ளோ சைட்டோமெட்ரியில ஓட்டுவீங்க. நான் முதல்ல செஞ்சப்போ, தட்டைத் தூண்டற த்ராம்பின் போட்ட குழாய் பளிச்சுன்னு ஒளிர்ந்துது. எதுவும் போடாத குழாயும் ஒளிர்ந்துது! ஆன்டிபாடி மேல சந்தேகப்பட்டு ரெண்டு நாள் போச்சு. தப்பு அதுல இல்ல. மெல்லிய ஊசியில வேகமா ரத்தத்தை உறிஞ்சினது, குழாயைக் குலுக்கினது, இது ரெண்டுமே தட்டுகளைத் தூண்டிடுச்சு. சுண்டெலியோட ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல சுமார் 10 லட்சம் தட்டு இருக்கும், நமக்கு ஒண்ணரையிலிருந்து நாலரை லட்சம்தான். அத்தனையும் தொட்டா சிணுங்கி மாதிரி. ரத்தம் உறையாம இருக்கச் சிட்ரேட் போடுங்க, குலுக்காதீங்க, மெதுவா கவிழ்த்துக் கலக்குங்க.

பக்கத்துலயே இன்னொரு குழாயில, நம்ம ஆன்டிபாடி மாதிரியே எலியோட ஐஜிஜி1 வகையா இருந்தும் எதையும் பிடிக்காத ஆன்டிபாடியைப் போடுங்க. இதுதான் ஐசோடைப் கன்ட்ரோல். சும்மா ஒட்டிக்கிட்ட வெளிச்சம் எவ்வளவுன்னு இது சொல்லும். இது இல்லாத வரைபடத்தை நான் நம்பமாட்டேன்.

குப்பியோட லேபிளைப் படிங்க. கெடாம இருக்கச் சோடியம் அசைடு கலந்த குப்பியும் வரும், கலக்காத குப்பியும் வரும். அசைடு செல்லோட மூச்சை அடைக்கிற விஷம். உயிருள்ள சுண்டெலிக்கோ செல்லுக்கோ கொடுக்க அசைடு இல்லாததுதான் வேணும். அசைடு உள்ளதை சிங்க்ல கொட்டாதீங்க. செம்பு, ஈயக் குழாயில அது படிஞ்சா வெடிக்கக்கூடிய உப்பா மாறும். சாயம் ஒட்டினதை உறைய வைக்காதீங்க. 4 டிகிரியில, வெளிச்சம் படாம வெச்சா போதும்.

இதெல்லாம் சுண்டெலிக்கு எதுக்குன்னு கேப்பீங்க. அரிவாள் செல் நோய் தெரியும்ல? நம்ம நீலகிரிப் பழங்குடி மக்கள்கிட்டதான் இந்தியாவுல முதல்ல கண்டறிஞ்சு, 1952-ல லேமன், கட்புஷ் ரெண்டு பேரும் எழுதினாங்க. அந்த நோயில சிவப்பணுவும் வெள்ளையணுவும் சுவர்ல ஒட்டி குழாயை அடைக்கறதுல பி-செலெக்டினுக்குப் பங்கு உண்டு. அதனால மனுஷப் பி-செலெக்டினைத் தடுக்கிற கிரிசன்லிசுமாப் மருந்து வந்தது. 198 பேர்கிட்ட செஞ்ச ஆய்வுல, அதிக அளவு மருந்து எடுத்தவங்களுக்கு வலி நெருக்கடி வருஷத்துக்கு 1.63 தடவை, வெத்து மருந்து எடுத்தவங்களுக்கு 2.98. 2019-ல அமெரிக்கா அனுமதிச்சது. அடுத்து நடந்த பெரிய ஆய்வுல பலன் தெரியல, 2023-ல ஐரோப்பா அனுமதியைத் திரும்ப வாங்கிடுச்சு. வலியில துடிக்கிறவங்களை நினைச்சா மனசு கனக்குது.

சுண்டெலி முடிவை அப்படியே மனுஷனுக்குப் பொருத்த முடியாதுங்கிறதுக்கு இந்தப் புரதத்துலயே சாட்சி இருக்கு. அழற்சியைத் தூண்டற டிஎன்எஃப்ங்கிற புரதத்தைக் கொடுத்தா சுண்டெலியோட ரத்தக்குழாய் புதுசா பி-செலெக்டின் செய்யும், மனுஷ ரத்தக்குழாய் செய்யாது. ரெண்டு மரபணுவோட சுவிட்சுப் பகுதியும் வேற வேற.

அந்தச் சுருட்டு வடிவ உறுப்புக்குள்ள பி-செலெக்டினோட இன்னொருத்தர் இருக்கார், ரத்தம் உறைய உதவற வான் வில்லிபிராண்ட் காரணிங்கிற புரதம். அடுத்த வீடியோ அவரைப் பத்தித்தான். அதுவரைக்கும் உங்க லேப்ல எந்த குளோன் ஓடுது, எசகுபிசகா ஏதாவது ஒளிர்ந்துதான்னு கமென்ட்ல எழுதுங்க, ஒண்ணொண்ணா படிக்கிறேன்.