கிராப்புக் கோழி, குட்டைக்கால் கோழி: பெற்றோரின் பண்புகள் குஞ்சுகளுக்கு எப்படி வருகின்றன?

[காட்சி: காரைக்குடிக்கு அருகே ஒரு பழைய வீட்டின் பின்கட்டு. மண்ணைக் கிளறி மேயும் நாட்டுக்கோழிகள்.]

வணக்கம். ஒரே பெட்டை அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளில் சிலவற்றுக்குக் கழுத்து நிறைய இறகும், சிலவற்றுக்கு மொட்டைக் கழுத்தும் இருப்பதைச் செட்டிநாட்டுப் பக்கம் கோழி வளர்ப்பவர்கள் பார்த்திருப்பார்கள். மொட்டைக் கழுத்துள்ளதைக் கிராப்புக் கோழி என்பார்கள். இது நோயாலோ பேன் தொல்லையாலோ வருவதன்று. பெற்றோரிடமிருந்து மரபணு வழியாக வருவது.

கோழியின் உடல் உயிரணுவில், மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் 39 இணைகளாக உள்ளன. மனிதருக்கு 23 இணைகள். ஒவ்வோர் இணையிலும் ஒன்று தந்தையுடையது, மற்றொன்று தாயுடையது என்பதால், பாலினக் குரோமோசோம்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. அடுத்த தலைமுறைக்குப் போவதோ அவற்றுள் ஒன்றுதான். எது போகும் என்பது பூவா தலையா போட்டுப் பார்ப்பது போன்றது.

[காட்சி: பட்டாணிச் செடி, பிறகு சேவலின் கொண்டை.]

இதைக் கிரிகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளில் ஆராய்ந்து 1866இல் வெளியிட்டார். 1900 வரை அதை ஏறக்குறைய யாரும் பொருட்படுத்தவில்லை. விலங்குகளுக்கும் இவ்விதி பொருந்தும் என்பதை ஆங்கிலேய உயிரியலாளர் வில்லியம் பேட்சன் 1902இல் கோழிக் கொண்டைகளை வைத்தே காட்டினார். பள்ளியில் நாம் படித்த நெட்டை, குட்டைப் பட்டாணிக் கணக்கில் ஓங்கு பண்பு ஒடுங்கு பண்பை முழுவதுமாக மறைத்துவிடும். கோழிகள் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை.

[காட்சி: இரண்டு கிராப்புக் கோழிகளின் கழுத்து, மிக அருகில்.]

கிராப்புக் கோழியின் கழுத்தை முன்புறமாகக் கூர்ந்து பாருங்கள். அடிப்பகுதியில் ஒரு சிறு இறகுக் கொத்து இருந்தால், அந்தக் கோழியிடம் மொட்டைக் கழுத்து மரபணு ஒரு பிரதி மட்டுமே உண்டு. கழுத்து ஏறக்குறைய முழுவதும் வெறுமையாக இருந்தால் இரண்டு பிரதிகள் உண்டு. ஒற்றைப் பிரதி உடலின் மொத்த இறகில் ஏறத்தாழ 20 விழுக்காட்டையும், இரட்டைப் பிரதி 40 விழுக்காட்டையும் குறைப்பதால், சித்திரை வெயிலில் உடற்சூட்டை வெளியேற்ற இது உதவுகிறது. கொத்துள்ள சேவலையும் கொத்துள்ள பெட்டையையும் சேர்த்தால், சராசரியாக நான்கு குஞ்சுகளில் ஒன்று முழு மொட்டை, இரண்டு கொத்துள்ளவை, ஒன்று சாதாரணக் கழுத்து. ஆய்வுக்கூடம் இல்லாமல் கண்ணாலேயே மரபணுவைப் படிக்கக் கிடைக்கும் அரிய வாய்ப்பு இது.

[காட்சி: அடைமுட்டைகள், குட்டைக்கால் பெட்டை.]

குட்டைக்கால் கோழியின் கதை இன்னும் கடுமையானது. காலைக் குட்டையாக்க அந்த மரபணு ஒரு பிரதி போதும். இரண்டு பிரதிகள் சேர்ந்துவிட்டால், அடைவைத்த மூன்றாம், நான்காம் நாள் வாக்கிலேயே பெரும்பாலான கருக்கள் முட்டைக்குள் இறந்துபோகின்றன. ஆகவே குட்டைக்கால் சேவலும் குட்டைக்கால் பெட்டையும் சேர்ந்து 12 முட்டைகளுக்குக் கரு தந்தால், சராசரியாக 3 வீணாகும். ஓர் அடையில் ஒன்றும் போகாமலிருக்கலாம், இன்னோர் அடையில் ஐந்து போகலாம். பொரிப்பவற்றில் இரண்டு குட்டைக்காலுக்கு ஒரு சாதாரணக் கால் என்ற கணக்கில் வரும். கூமுட்டை என்று தூக்கியெறிந்துவிட்டு வெயிலையோ சேவலையோ பழிப்பதுதான் வழக்கம். சந்தையில் யாராவது, தலைமுறை தலைமுறையாகக் குட்டைக்கால் மட்டுமே பிறக்கும் சுத்தமான வம்சம் என்று சொல்லி விலையை ஏற்றினால் நம்ப வேண்டாம். உயிரோடிருக்கும் ஒவ்வொரு குட்டைக்கால் கோழியும் சாதாரணக் கால் மரபணு ஒன்றையும் சுமந்துகொண்டிருப்பதால், அப்படியொரு வம்சம் அமையவே முடியாது.

குட்டைக்கால் கோழிதான் வேண்டுமென்போர் குட்டைக்கால் சேவலைச் சாதாரணக் கால் பெட்டையோடு விட்டு வளர்க்கலாம். குஞ்சுகளில் சராசரியாகப் பாதி குட்டைக்காலாகப் பிறக்கும்; இரட்டைப் பிரதி சேர வழியில்லாததால் இந்த மரபணுவால் ஒரு முட்டையும் கெடாது.