லோஹே கா புல் பக்கத்தில் துளை போட்டால் என்ன தெரியும்?

வணக்கம். டெல்லியில் இருக்கிற நமக்கு மழைக்காலம் வந்தால் காதில் விழும் பெயர், லோஹே கா புல், அதாவது பழைய ரயில் பாலம். யமுனை 205.33 மீட்டர் அபாய அளவைத் தாண்டிவிட்டது என்பார்களே, அது இங்கே அளப்பதுதான். 2023 ஜூலையில் 208.66 வரை போனது. 1860களில் கட்டிய இரும்புப் பாலம், மேலே ரயில், கீழே வண்டிகள். மாற்றுப் பாலம் கட்டலாம் என்றால் பக்கத்திலேயே 1546இல் கட்டிய சலீம்கர் கோட்டை. தொல்லியல் துறை ஆட்சேபித்து, புதுப் பாலத்தின் தடமே மாறியது.

சரி, இந்த மாதிரி இடத்தில் மண் பரிசோதனை எப்படி?

[திரையில்: முக்காலி, சுத்தியல், துளை]

63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விட்டுக் குழாயை அடித்து இறக்குவார்கள். கம்பியில் சாக்கட்டியால் 15 செ.மீ.க்கு ஒன்றாகக் கோடு போட்டு, ஒருவர் அடிகளை எண்ணிக்கொண்டே நிற்பார். முதல் 15 செ.மீ. கணக்கில் வராது, துளை போட்டதில் அந்த மண் கலைந்திருக்கும். அடுத்த 30 செ.மீ.க்கு விழுந்த அடிகள்தான் எஸ்பிடி (ஸ்டாண்டர்டு பெனட்ரேஷன் டெஸ்ட்) எண்ணிக்கை, மண் எவ்வளவு இறுக்கம் என்று அதுதான் சொல்லும். குழாயைப் பிளந்தால் அபிரகம் (மைக்கா) மினுங்கும் சாம்பல் நிற மணல். பையில் போட்டு, ஆழம் எழுதி, ஆய்வகத்துக்கு.

எண்ணிக்கை குறைந்தால் கவலைதான். நிலநடுக்க மண்டலம் நான்கில் இருக்கிறோம், தண்ணீர் ஊறிய தளர்ந்த மணல் குலுங்கினால் குழம்பாகிவிடும். அப்புறம் வெள்ளம் தூணைச் சுற்றி மணலை அரித்துக்கொண்டு போகும், அடித்தளம் அந்த ஆழத்தையும் தாண்டி இறங்க வேண்டும். பாறையை நம்பலாமே என்றால், டெல்லியின் ரிட்ஜ் குன்றுத்தொடரில் தலைநீட்டும் பாறை ஆற்றுப் பக்கம் வரும்போது வெகு ஆழத்துக்குப் போய்விடுகிறது.

இனி கோட்டை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு. பழைய மதிலின் அடித்தளம் எவ்வளவு ஆழம் என்று வரைபடம் பார்த்துச் சொல்ல முடியாது, அனுமதி வாங்கி ஓரத்தில் சோதனைக் குழி வெட்டித்தான் பார்க்க வேண்டும். பைல், அதாவது அடித்தளத்துக்காக மண்ணில் ஆழமாக இறக்கும் தூண், அதை அடித்து இறக்குவதை மறந்துவிடுங்கள், துளைத்துப் போடும் பைல்தான்: ஜெர்மன் தரநிலையில், குறைந்த அதிர்வெண் உள்ள அதிர்வுக்கு, வீடுகள் நொடிக்கு 5 மி.மீ. வேகம் வரை தாங்கும் என்றால் பாரம்பரியக் கட்டடத்துக்கு 3தான்.

என்னைக் கேட்டால் அதிர்வைவிட பம்புக்குத்தான் பயப்படுவேன். அடித்தளக் குழியில் ஊறும் தண்ணீரை இறைக்க இறைக்க, மதிலுக்கு அடியிலும் நீர்மட்டம் இறங்கி, மண் இறுகி, மதில் ஒரு பக்கம் மட்டும் அமர்ந்து விரிசல் விடும், இதெல்லாம் சத்தமே இல்லாமல் நடக்கும். அதனால் மண் பரிசோதனை அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் வரைபடத்தைப் பாருங்கள், துளைகள் எல்லாம் தூண் வரும் இடத்திலேயே இருந்து, கோட்டைப் பக்கம் ஒரு துளையோ நீர்மட்டம் பார்க்கும் பீசோமீட்டரோ இல்லையென்றால், திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.