பட்டாளத்திலிருந்து ப்ரீத் நகருக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

பஞ்சாபியில் 'கப்ஜா' என்று ஒரு சொல் உண்டு. பிடித்துத் தன் வசம் வைத்துக்கொள்வது என்று பொருள். பட்டாளம் ஓர் ஊரைப் பிடித்தாலும் கப்ஜாதான், பக்கத்து வயல்காரர் வரப்பைத் தள்ளிப் போட்டாலும் கப்ஜாதான். அந்த மொழியின் எழுத்தாளர் ஒருவர் இந்தச் சொல்லை வைத்து ஒரு வரி எழுதினார்: 'பியார் கப்ஜா நஹீ, பச்சாண் ஹை.' அன்பு என்பது கைப்பற்றுவது இல்லை, இனம் கண்டுகொள்வது.

எழுதியவர் குர்பக்‌ஷ் சிங். இளவயதில் பட்டாளத்தோடு இராக்கும் ஈரானும் போய் வந்தவர். அதனாலேயே அந்த வரியை என்னால் லேசாகக் கடந்துபோக முடிவதில்லை.

1895 ஏப்ரல் 26-ல் சியால்கோட்டில் பிறந்தார். இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. ஏழு வயதில் அப்பா போய்விட்டார். லாகூரில் கல்லூரியில் சேர்ந்தார், பணம் இல்லாமல் படிப்பு நின்றது. மாதம் 15 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. அப்புறம் எப்படியோ முட்டி மோதி ரூர்க்கிக்குப் போய்ப் பொறியியல் படித்தார். முதல் உலகப் போர் வந்தது. பஞ்சாபின் கிராமங்களிலிருந்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் படைக்குப் போன காலம் அது. பொறியாளரான இவரும் போனார். அன்று மெசபடோமியா என்று அழைக்கப்பட்ட இராக் மண்ணில்தான் 1917 மார்ச்சில் பாக்தாத் பிரிட்டிஷார் கைக்குப் போனது. பிடித்த படையில் பெரும்பங்கு இந்தியச் சிப்பாய்கள். கப்ஜா என்றால் என்ன என்பதை அகராதியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவர் இல்லை.

போர் முடிந்தபின் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு, திரும்பி வந்து ரயில்வேயில் வேலை. நல்ல வேலைதான். அதையும் விட்டுவிட்டு நௌஷேராவில் விவசாயத்தில் இறங்கினார். அங்கிருந்து 1933-ல் ஒரு மாத இதழ் தொடங்கினார். பெயர் 'ப்ரீத் லடி'. ப்ரீத் என்பது நாம் பிரீதி என்கிறோமே, அதுதான். லடி என்றால் சரம். அன்புச் சரம்! பஞ்சாபியை எழுதும் குர்முகி எழுத்திலும் வந்தது, உருதுவிலும் வந்தது. படித்தவர்கள் இதழின் பெயரையே ஆசிரியருக்கும் வைத்துவிட்டார்கள். இன்றுவரை பஞ்சாபிகளுக்கு அவர் குர்பக்‌ஷ் சிங் ப்ரீத் லடிதான்.

நாவல், சிறுகதை, நாடகம், கட்டுரை என்று 50-க்கும் மேற்பட்ட நூல்கள். மணமாகாத தாய் என்று பொருள்படும் 'அன்வியாஹீ மா' என்ற தலைப்பை ஒரு நாவலுக்கு அந்தக் காலத்தில் வைக்கத் துணிச்சல் வேண்டும்.

ஆனால் அவர் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது புத்தகம் இல்லை, ஓர் ஊர். 1938-ல் லாகூருக்கும் அமிர்தசரசுக்கும் நடுவே வெற்று நிலத்தில் 'ப்ரீத் நகர்' என்ற குடியிருப்பைக் கட்டினார். தான் எழுதிய அன்பை வாழ்ந்து பார்க்க ஓர் இடம். ரூர்க்கியிலும் பட்டாளத்திலும் பழகிய கை அல்லவா! பொதுச் சமையலறை இருந்தது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிள்ளைகள் கையால் செய்து கற்கும் பள்ளி இருந்தது. நாவலாசிரியர் நானக் சிங் அங்கேயே குடிவந்தார். ஓவியர் சோபா சிங்கும் வந்தார். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிக்கொண்டிருந்த பஞ்சாபி மேடையில், குர்பக்‌ஷ் சிங் எழுதிய 'ராஜகுமாரி லத்திகா' நாடகத்தில் அவருடைய மகள் உமா நடித்தார். சொந்த மகளை மேடை ஏற்றிய தகப்பன்! ஊர் என்ன பேசியிருக்கும் என்று நமக்குத் தெரியாதா?

ஒன்பது வருடம். 1947-ல் லாகூருக்கும் அமிர்தசரசுக்கும் நடுவேதான் எல்லைக்கோடு விழுந்தது. ப்ரீத் நகர் இந்தியப் பக்கம், எல்லையை ஒட்டி. கலவரத்தில் ஊர் காலியானது. வரைபடத்தில் அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். இரண்டு நகரங்களுக்கும் நடுவே கட்டிய ஊர், ஒரே கோடையில் நாட்டின் ஓரமாகிவிட்டது. போனவர்களில் பலர் திரும்பவில்லை. குர்பக்‌ஷ் சிங் திரும்பினார். இதழும் மறுபடி வந்தது. 1971-ல் சாகித்திய அகாதெமி தன் உயரிய ஃபெல்லோஷிப்பை அவருக்கு அளித்தது. 1977 ஆகஸ்ட் 20-ல் காலமானார்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அவருக்குப் பிறகு மகன் நவ்தேஜ் சிங், அவருக்குப் பிறகு பேரன் சுமீத் சிங் இதழை நடத்தினார்கள். பஞ்சாபில் துப்பாக்கி பேசத் தொடங்கிய நாட்களில் தீவிரவாதத்தை எதிர்த்து எழுதினார் சுமீத். 1984 பிப்ரவரியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இளைஞர்.

இதழ் அதோடு நிற்கவில்லை. சுமீத்தின் மனைவி பூனம் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நன்றி, வணக்கம்.