தலைவலி முந்தின நாளே ஆரம்பிச்சிடுது

(திரையில்: ஜன்னல் சாத்தின அறை. கதவிடுக்குல ஒரு கோடு வெளிச்சம்.)

வணக்கம். பக்கத்து வீட்டுல கடுகு தாளிக்கிறாங்க. மத்த நாள்ல அந்த வாசனைக்குப் பசி கிளம்பும். மைக்ரேன் வந்த அன்னைக்குக் குமட்டும். ட்யூப்லைட் கண்ணைக் குத்தும், மிக்ஸி சத்தம் மண்டைக்குள்ளயே ஓடுற மாதிரி இருக்கும், நாலு படி ஏறினா நெத்திப்பொட்டு விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். பதினெட்டு வருஷமா இதோடதான் வாழுறேன். வந்த வலியை எப்படித் தாங்குறதுன்னு பல வருஷம் யோசிச்சேன். வராம எப்படித் தடுக்குறதுன்னு யோசிச்சது ரொம்ப லேட்டா. நீங்க அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம்னுதான் இந்த வீடியோ.

முதல்ல பேரைப் பத்தி. ஒற்றைத் தலைவலின்னு சொல்லிச் சொல்லி, ஒரு பக்கம் வலிச்சாதான் மைக்ரேன்னு மனசுல பதிஞ்சிடுச்சு. ரெண்டு பக்கமும் வலிக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க. எங்க பாட்டி இதைப் பித்தத் தலைவலின்னுதான் சொல்வாங்க, வாந்தி எடுத்தா பித்தம் இறங்கிடும்னு. அந்த மஞ்சள் தண்ணி வெறும் வயித்துல இருந்து வர்ற பித்தநீர்தான், ஆனா தலைவலிக்குக் காரணம் அது கிடையாது. வாந்தியும் மைக்ரேனோட ஒரு அறிகுறி. அப்புறம் சைனஸ். மைக்ரேன்லயும் மூக்கடைக்கும், கண்ணுல தண்ணி வரும். அதனால நானும் ரெண்டு வருஷம் ஆவி பிடிச்சு, சுக்குப் பத்து போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்.

மருந்து போடாம விட்டா 4 மணி நேரத்துல இருந்து 72 மணி நேரம் வரைக்கும் நீடிக்கிற வலி. நடந்தா, குனிஞ்சா கூடுற வலி. கூடவே குமட்டல், இல்லன்னா வெளிச்சமும் சத்தமும் ஆகாம போறது. இது திரும்பத் திரும்ப வந்தா டாக்டர்கிட்ட மைக்ரேனான்னு கேளுங்க. இதைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் ஸ்கேன் தேவைப்படாது, நீங்க சொல்ற விவரம்தான் முக்கியம்.

(திரையில்: மண்டை ஓட்டுக்குள்ள மூளை, அதைச் சுத்தின உறை, முகத்துக்கு வர்ற நரம்பு.)

உள்ள என்ன நடக்குது? மூளைக்கு வலி தெரியாது. அதைச் சுத்தியிருக்கிற உறைக்குத் தெரியும். அந்த உறைக்கு வர்ற ட்ரைஜெமினல் நரம்பு, மைக்ரேன் சமயத்துல சிஜிஆர்பிங்கிற ஒரு பொருளை வெளியே விடுது. அதனால ரத்தக்குழாய் விரியுது, வலி நரம்புகள் உசுப்பேறுது. இதைக் கண்டுபிடிச்சதுல முக்கியமான நாலு பேருக்கு, எட்வின்சன், கோட்ஸ்பி, மாஸ்கோவிட்ஸ், ஓலசன், 2021-ல மூளை ஆராய்ச்சிக்கான டென்மார்க்கோட பிரெய்ன் பிரைஸ் விருது கொடுத்தாங்க. அந்த செய்தியைப் படிச்ச அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு. "உனக்கு டென்ஷன், வேற ஒண்ணும் இல்ல"ன்னு அத்தனை வருஷம் கேட்டவளுக்கு, இது உடம்புல நிஜமா நடக்கிறதுன்னு யாரோ நிரூபிச்சிருக்காங்க.

இப்போ நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிற விஷயம். வலி வர்றதுக்குப் பல மணி நேரம் முன்னாடியே, சிலருக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே, மைக்ரேன் மூளையில ஆரம்பிச்சிடுது. காரணமே இல்லாம கொட்டாவி மேல கொட்டாவி வரும். பின்கழுத்து இறுகும். சின்ன விஷயத்துக்கும் எரிஞ்சு விழுவோம். அடிக்கடி பாத்ரூம் போகணும். இனிப்பு மேல வெறி வரும். சாக்லேட் சாப்பிட்டாலே எனக்குத் தலைவலி வருதுன்னு அதை நாலு வருஷம் தொடல, வலி குறையவும் இல்ல. அந்த ஆசையே வரப்போற மைக்ரேனோட அடையாளமா இருக்கலாம்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

சிலருக்கு வலிக்கு முன்னாடி கண்ணுல பளபளன்னு வளைஞ்சு வளைஞ்சு கோடு ஓடும். இதுக்கு ஆரான்னு பேரு. பொதுவா 5 நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள அடங்கிடும். மூளையோட மேற்பரப்புல மெதுவா நகர்ற ஒரு அலைதான் காரணம். பிரேசில் விஞ்ஞானி லியாவோ 1944-லயே இந்த அலையை விவரிச்சு எழுதினார்.

அடுத்து, எது தூண்டுதுங்கிற கேள்வி. ஒண்ணு தனியா வந்தா மூளை சமாளிச்சிடும். நாலு சேர்ந்து வந்தா விழுந்துடும். என்னோட வெள்ளிக்கிழமையைப் பாருங்க. காலையில தலைக்குக் குளியல். ஈர முடியை அப்படியே முடிஞ்சுக்கிட்டு மல்லிப்பூ. விரதம், அதனால வெறும் வயிறு. கோயில் வரிசையில வெயில். சாயங்காலம் படுத்தா சனிக்கிழமை ராத்திரிதான் எழுந்திருப்பேன். தலைக்குக் குளிச்சா வலி வருதுன்னு சொன்னா நிறைய பேர் நம்பல. மும்பை டாக்டர் ரவிசங்கர் 2006-ல, இப்படித் தலைக்குக் குளிச்சு மைக்ரேன் வந்த 94 இந்திய நோயாளிகளைப் பத்தி ஒரு ஆய்வே எழுதியிருக்கார். இப்போ நான் சாப்பிட்ட பிறகுதான் தலைக்குக் குளிக்கிறேன், முடியை நல்லா காயவிட்ட பிறகுதான் கட்டுறேன். விரதத்தையும் விட்டுட்டேன். சாமி கோவிச்சுக்க மாட்டார்னு அம்மாவே சொல்லிட்டாங்க.

மைக்ரேன் மூளைக்கு மாற்றம் ஆகாது. ஞாயித்துக்கிழமை ஒன்பது மணி வரைக்கும் தூங்கினா, ஆறு மணி காபியும் தவறுது, காலை டிபனும் தவறுது. லீவு நாள் தலைவலிக்கு இது போதும். சாப்பாடு, தூக்கம், காபி மூணையும் ஏழு நாளும் ஒரே நேரத்துல வச்சுக்கோங்க.

(திரையில்: சமையலறைச் சுவர்ல மாதக் காலண்டர். கட்டத்துல பால் கணக்கு, பக்கத்துல சிவப்பு வட்டம், நீலப் புள்ளி.)

இது எங்க வீட்டுப் பால் கணக்குக் காலண்டர். தலைவலி வந்த நாளுக்குச் சிவப்பு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு நீலப் புள்ளி, மாதவிலக்குக்கு ஒரு கோடு. முதல் மாசம் எண்ணிப் பார்த்தா பதினாலு நீலப் புள்ளி! மெடிக்கல்ல கேட்டு வாங்கின, காபீன் கலந்த கூட்டு மாத்திரை. வலியைத் தீர்க்கப் போட்ட மாத்திரையே வலியை வளர்த்துக்கிட்டு இருந்திருக்கு. கூட்டு மாத்திரையும், மைக்ரேன் வலிக்குன்னே தர்ற டிரிப்டான் வகை மாத்திரையும் மாசத்துல 10 நாளோ அதுக்கு மேலயோ, சாதாரண பாராசிட்டமால் மாதிரி மாத்திரை 15 நாளோ அதுக்கு மேலயோ, மூணு மாசத்துக்கு மேல தொடர்ந்தா இந்த நிலைமை வரலாம். டாக்டர் சொல்லி நிறுத்தின முதல் வாரம் ரொம்பக் கொடுமையா இருந்துச்சு. அப்புறம் மாசா மாசம் வட்டங்கள் குறைஞ்சுது. நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க, டாக்டரோட பேசிட்டுச் செய்யுங்க.

அதுக்காக மாத்திரையே போடாம பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கிறதும் தப்பு. வலி லேசா இருக்கும்போதே போட்டா நல்லா கேட்கும். மைக்ரேன் முத்தினா இரைப்பை மந்தமாயிடும், மாத்திரை சரியா ரத்தத்துல சேராது.

மாசத்துல நாலு நாளோ அதுக்கு மேலயோ வந்தா, இல்ல வர்ற கொஞ்ச நாளே உங்களைப் படுக்க வச்சா, தடுப்பு மருந்து பத்தி டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க. வலி இருந்தாலும் இல்லாட்டியும் தினமும் போடுற மருந்து இது. புரோப்ரானலால், அமிட்ரிப்டிலின், ஃப்ளூனரிசின், டோபிராமேட்னு பல இருக்கு. "எனக்கு பிபி இல்லையே", "இது மனநோய்க்குத் தர்றதாச்சே"ன்னு பயந்து பாதியில நிறுத்திடுறோம். அதே மருந்துகள் மைக்ரேனையும் தடுக்குது. ரெண்டு மூணு மாசம் பொறுத்துத்தான் பலனைப் பார்க்கணும். வலி நாட்கள் பாதியா குறைஞ்சாலே அது வெற்றி. ஆஸ்துமா இருந்தா புரோப்ரானலால் ஆகாது, கர்ப்பத்துக்குத் திட்டமிடுறவங்களுக்கு டோபிராமேட் ஆகாது, அதனால எல்லாத்தையும் முன்கூட்டியே சொல்லிடுங்க. சிஜிஆர்பியையே குறிவச்சுத் தடுக்கிற ஊசி மருந்தும் இருக்கு. முதல் ஊசிக்கு 2018-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. விலைதான் பெரிய தடை.

பெண்களுக்கு ஒண்ணு. ஆரா வர்றவங்க ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்தா பக்கவாத ஆபத்து கூடும். கண்ணுல கோடு தெரியுற விஷயத்தை மகப்பேறு டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க.

திடீர்னு இடி இறங்கின மாதிரி வந்த வலி, காய்ச்சலோட கழுத்து இறுக்கம், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், இதுல எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. 50 வயசுக்கு மேல முதல் தடவையா வர்ற புதுத் தலைவலியையும் மைக்ரேன்னு தள்ளிவிடாம டாக்டரைப் பாருங்க.

கடைசியா வீட்டுல இருக்கிறவங்களுக்கு. "இப்போ எப்படி இருக்கு?"ன்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்காதீங்க, பதில் சொல்றதே வலிக்கும். என் வீட்டுக்காரர் கைக்குட்டையை நாலா மடிச்சு, அது மேல தண்ணி டம்ளரை வச்சிட்டுப் போவார். எவர்சில்வர் சத்தம் கேட்கக் கூடாதுன்னு. இப்போ என்னைவிட அவருக்குத்தான் முந்தின நாள் அடையாளம் சீக்கிரம் தெரியுது. நேத்து சாயங்காலம் டிவி பார்த்துக்கிட்டே சொன்னார்: "இது அஞ்சாவது கொட்டாவி. எழுந்து சாப்பிட்டுட்டு நேரத்தோட படும்மா."