வெப்பத்தை ஏற்றிச் செல்லும் ஒளி

அனைவருக்கும் வணக்கம்.

லேசர் என்றதுமே இரும்பைத் துளைக்கும் கதிர்தான் நினைவுக்கு வரும். அதே லேசரைப் பாய்ச்சி ஒரு படிகத்தை அறை வெப்பநிலையிலிருந்து மைனஸ் 182 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்திருக்கிறார்கள்.

1997-ல் ஸ்டீவன் சூ, கோஹென்-தனூஜி, வில்லியம் ஃபிலிப்ஸ் ஆகிய மூவரும் நோபல் பரிசு பெற்ற வேலை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அது வெற்றிடத்தில் பறக்கும் அணுக்களின் வேகத்தை எதிரே வரும் ஒளியால் மட்டுப்படுத்திக் குளிர்விப்பது. கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய திடப்பொருளுக்கு வழி வேறு.

அந்த வழியை 1929-லேயே ஜெர்மானிய இயற்பியலாளர் பீட்டர் பிரிங்ஸ்ஹைம் சொல்லிவிட்டார். ஒரு பொருள் தான் வாங்கிய ஒளியைவிடச் சற்றே கூடுதல் ஆற்றலுள்ள ஒளியை உமிழ்ந்தால், அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது? பொருளின் வெப்பத்திலிருந்துதான். நூறு ரூபாயோடு வீட்டுக்குள் வந்தவர் நூற்றிரண்டு ரூபாயோடு கிளம்பினால், அந்த இரண்டு ரூபாய் வீட்டுப் பணம்தானே?

வெப்ப இயக்கவியல் இதற்கு இடம் தராது என்று ரஷ்ய அறிஞர் வாவிலோவ் மறுத்தார். இடம் உண்டு என்று 1946-ல் சோவியத் இயற்பியலாளர் லாண்டாவ் கணக்குப் போட்டுக் காட்டினார். உள்ளே போகும் ஒளி ஒரே திசை, ஒரே நிறம். வெளியே வருவது எல்லாத் திசைகளிலும் சிதறிய, பல அலைநீளங்கள் கலந்த ஒளி. வெப்பத்தோடு ஒழுங்கின்மையையும் சேர்த்தே அது சுமந்து போகிறது. எந்த விதியும் மீறப்படவில்லை. லேசரே பிறக்காத காலத்தில் நடந்த வாதம் இது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

செய்து காட்ட 1995 வரை ஆனது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இட்டெர்பியம் என்ற அருமண் உலோகம் கலந்த ஃபுளூரைடு கண்ணாடியைக் குளிர்வித்தார்கள். குறைந்தது வெறும் 0.3 டிகிரி. இட்டெர்பியம் அயனியின் கீழ் ஆற்றல்நிலை, மேல் ஆற்றல்நிலை இரண்டுமே சில படிகளாகப் பிரிந்திருக்கும். சுமார் 1020 நானோமீட்டர் லேசர், கீழ்நிலையின் உச்சிப்படியில் இருக்கும் அயனியை மேல்நிலையின் முதல் படிவரை மட்டும் ஏற்றிவிடுகிறது. மீதிப் படிகளை ஏறச் சுற்றியுள்ள பொருளின் அதிர்வுகளிலிருந்து ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. அந்த அதிர்வுதான் வெப்பம். அப்புறம் இறங்கும்போது, எடுத்ததையும் சேர்த்து ஒளியாக வெளியே கொட்டிவிடுகிறது.

லாபம் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டுதான். அதனால் விழுங்கிய நூறு ஃபோட்டான்களில் (ஒளித்துகள்களில்) மூன்று நான்கு ஒளியாகத் திரும்பாமல் உள்ளேயே வெப்பமாகிவிட்டால் போதும், பொருள் குளிர்வதற்குப் பதிலாகச் சூடாகிவிடும். இரும்பு, செம்பு போன்ற மாசுகள் துளியளவு கலந்தாலும் இந்தக் கதிதான். 1995-க்குப் பிந்தைய முன்னேற்றத்தில் பெரும்பங்கு, தூய படிகம் வளர்த்தவர்களின் உழைப்பு.

சரி, இதை வீட்டு ஏசியாக மாட்டலாமா? நூறு வாட் ஒளி விழுங்கி இரண்டு வாட் வெப்பம் வெளியேற்றும் கருவி அதற்கு ஆகாது. அதிர்வே கூடாத இடங்களில்தான் இதற்கு இணையில்லை. செயற்கைக்கோளில் இருக்கும் அகச்சிவப்பு உணரியைக் குளிர்விக்க பம்பு வைத்தால், அதன் நடுக்கமே படத்தைக் கெடுக்கும். இங்கே அசையும் பாகம் ஒன்றும் இல்லை. 2018-ல் அப்படியொரு உணரியை மைனஸ் 138 டிகிரிக்கு இறக்கியும் காட்டிவிட்டார்கள்.

கணினிச் சிப்புகளில் சூடு கொதிக்கும் சிறு புள்ளிகளை மட்டும் குறிவைத்துக் குளிர்விக்க இப்போது முயற்சி நடக்கிறது. வெளியேறும் ஒளியை சோலார் செல் போன்ற ஒன்றில் பிடித்து மீண்டும் மின்சாரமாக்கலாம் என்பது அதில் இருக்கும் கூடுதல் வசதி. அப்படிச் செய்தால் அந்த நூற்றுக்கு இரண்டு கணக்கே மாறும். ஆய்வுக்கு வர விரும்பும் மாணவர்கள் இந்த இடத்திலிருந்தே தொடங்கலாம்.