பாகனின் தூக்கமும் யானையின் அமைதியும்

வாசகர் வட்டத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்த அரங்கை நமக்குத் தந்துதவிய நூலகர் அவர்களே, கால்நடைப் பராமரிப்புத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி, ஓய்வுபெற்ற பின்னரும் ஊர் ஊராகச் சென்று இலவச மருத்துவ முகாம் நடத்திவரும் மருத்துவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பாகன் பெருமக்களே, ஆசிரியர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் அவர்கள் என்னை அறிமுகம் செய்துவைத்துப் பேசிய சொற்கள் என் தகுதிக்கு மேற்பட்டவை. அவற்றை அவருடைய அன்பின் அடையாளமாக ஏற்றுக்கொள்கிறேன். மருத்துவர் ஐயா அவர்கள் வீற்றிருக்கும் மேடையில் விலங்குகளைப் பற்றி நான் பேச முற்படுவது அவருடைய பெருந்தன்மையால் மட்டுமே இயல்கிறது. விழாக்குழுவினருக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். எந்த ஊர்த் திருவிழாவிலும் யானைக்குப் பட்டும் நெற்றிப்பட்டமும் சார்த்தி, பாகனை ஓரமாக நிற்க வைப்பதே வழக்கம். இன்று பாகன்களுக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறீர்கள். நான் பேச வந்த பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை.

மனிதர் வாய்விட்டுச் சொல்லாததை விலங்குகள் எவ்வாறு அறிந்துகொள்கின்றன என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. குதிரை, நாய், யானை, காளை என்று நான்கு பகுதிகளாகப் பேச எண்ணி வந்திருக்கிறேன். ‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். மனிதருடைய முகத்தை மனிதர் படிப்பதைக் குறித்தே அந்தப் பழமொழியை நாம் வழங்கி வருகிறோம். ஆனால் அந்த முகத்தை நம்மைவிட நுட்பமாகப் படிக்கும் உயிர்கள் நம் தொழுவத்திலும் கொட்டிலிலும் நின்றுகொண்டிருக்கின்றன.

முதலில் குதிரை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பெர்லின் நகரில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டென் என்றொருவர் வாழ்ந்தார். பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர். முறையாகக் கற்பித்தால் விலங்கும் கற்கும் என்று உறுதியாக நம்பிய அவர், ஹான்ஸ் என்னும் தம் குதிரையை வீட்டு முற்றத்தில் நிறுத்தி, சிறுவர்களுக்கு நடத்துவதைப் போலவே ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தினார். ஹான்ஸ் தன் வலது முன்னங்காலால் தரையைத் தட்டி விடை சொல்லும். கூட்டல், கழித்தல், பின்னம், கடிகார நேரம், எழுத்து, இசைச் சுரம் என்று எதைக் கேட்டாலும் விடை வந்தது. ‘மாதத்தின் எட்டாம் நாள் செவ்வாய்க்கிழமை என்றால், அடுத்து வரும் வெள்ளிக்கிழமை என்ன தேதி?’ என்று கேட்பார்கள். குதிரை பதினொரு முறை தட்டி நிறுத்தும். அவையில் இருக்கும் மாணவர்கள் விரல் விட்டு எண்ணிப் பார்க்கிறீர்கள்; விடை சரிதான். ஃபான் ஓஸ்டென் இதற்குக் காசு வாங்கியதில்லை. அவர் இல்லாதபோது வேற்று மனிதர்கள் கேட்டாலும் குதிரை விடை சொன்னது. ஊரே திரண்டது, நாளிதழ்கள் எழுதின, வெளிநாடுகள் வரை செய்தி பரவியது.

1904 செப்டம்பரில், கார்ல் ஷ்டும்ப்ஃப் என்னும் உளவியல் அறிஞரின் முன்னிலையில் 13 பேர் கொண்ட குழு அமர்ந்து ஆராய்ந்தது. விலங்குக்காட்சிச் சாலையின் இயக்குநரும், சர்க்கஸ் நடத்துபவரும், கால்நடை மருத்துவரும், படை அதிகாரியும், பள்ளி ஆசிரியர்களும் அதில் இருந்தார்கள். சர்க்கஸ்காரரை ஏமாற்றக்கூடிய வித்தை உலகில் ஏது? அவரும் கையெழுத்திட்டு, இதில் எவ்விதச் சூழ்ச்சியும் இல்லை என்று குழு அறிவித்தது. அத்துடன் கதை முடிந்திருக்கலாம். ஆனால் ஷ்டும்ப்ஃபின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் விடவில்லை. அவர் செய்த சோதனை மிக எளியது. எண் எழுதிய அட்டையைக் குதிரைக்குக் காட்ட வேண்டும். ஒருமுறை, அட்டையில் உள்ள எண் கேட்பவருக்குத் தெரியும். மறுமுறை, அவருக்கும் தெரியாது. தெரிந்தபோது நூற்றுக்கு 98 விடைகள் சரியாக இருந்தன. தெரியாதபோது நூற்றுக்கு எட்டு!

இன்னொன்றையும் செய்தார். ஃபான் ஓஸ்டென் குதிரையின் காதில் ஓர் எண்ணை மெல்லச் சொன்னார். பிறகு ஃபுங்ஸ்ட் வேறோர் எண்ணைச் சொன்னார். இரண்டையும் கூட்டச் சொன்னார்கள். கூட்டுத்தொகை அங்கிருந்த மனிதர் எவருக்கும் தெரியாது. 31 முறை கேட்டதில் மூன்றே விடைகள் சரியாக வந்தன. கூட்டுத்தொகை தெரிந்த ஒருவர் அருகில் இருந்தபோதோ 31-இல் 29 சரி. குதிரையின் கண்ணுக்குப் பக்கத்தடை கட்டிக் கேட்டபோது, கேட்பவரைக் காண முடியாமல் அது கழுத்தைத் திருப்பித் திருப்பித் தவித்தது. அந்தத் தவிப்புதான் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. கேள்வி கேட்டு முடித்தவர் குதிரையின் காலைப் பார்க்கத் தம்மை அறியாமல் சற்றே முன்னால் குனிகிறார். குதிரை தட்டத் தொடங்குகிறது. சரியான எண் வந்ததும் அவருடைய தலை இம்மியளவு மேலே நிமிர்கிறது, குதிரை நிறுத்திவிடுகிறது. அகத்தின் அழகு முகத்தில் தெரியும். அந்த முகத்தைப் படித்துத்தான் ஹான்ஸ் தேதி சொன்னது, சுரம் சொன்னது, பின்னம் சொன்னது.

இதைக் கேட்டவர்கள் குதிரையின் குட்டு உடைந்தது என்று பேசினார்கள். அதை நான் ஏற்கவில்லை. ஃபுங்ஸ்ட் அடுத்துச் செய்ததைக் கேளுங்கள். அவர் தாமே குதிரையின் இடத்தில் இருந்துகொண்டு, ஆளுக்கு ஓர் எண்ணை மனத்தில் நினைத்துக்கொள்ளச் சொல்லி, தம் கையால் தட்டினார். சோதனைக்கு வந்த 25 பேரில் இருவர் நீங்கலாக அனைவரும் அதே தலையசைவைத் தம்மை அறியாமல் வெளியிட்டார்கள். ஃபுங்ஸ்டாலேயே, இந்த இரகசியத்தைக் கண்டறிந்த பிறகும், தம் உடம்பு காட்டும் குறிப்பை முற்றிலும் அடக்க முடியவில்லை. அவையோரே, அங்கே மெய்ப்பிக்கப்பட்டது குதிரையைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. வாயை மூடிக்கொண்டாலும் மனிதனால் பேசாமல் இருக்க முடியாது என்பது அங்கே மெய்ப்பிக்கப்பட்டது. ஃபான் ஓஸ்டென் கடைசிவரை இதை ஒப்புக்கொள்ளாமலே 1909-இல் மறைந்தார். அவருடைய மனவருத்தத்தை எண்ணும்போது எனக்கு இரக்கமே மிகுகிறது.

மனிதன் மறைக்க நினைக்கும் அச்சமும் இப்படியே விலங்குக்குப் போய்ச் சேருகிறது. 2009-இல் ஸ்வீடனில் லிண்டா கீலிங் அம்மையாரும் அவருடைய குழுவினரும் குதிரைகளைப் பிடித்து நடத்துவோருக்கும், ஏறிச் செல்வோருக்கும், அந்தக் குதிரைகளுக்கும் இதயத் துடிப்பை அளக்கும் கருவி பொருத்தி, ஒரே பாதையில் நான்கு முறை போகச் சொன்னார்கள். நான்காம் முறைக்கு முன், ‘இப்போது போகும்போது குதிரையின் அருகில் ஒரு குடை திடீரென்று விரிக்கப்படும்’ என்று மனிதரிடம் மட்டும் சொன்னார்கள். குடையை யாரும் விரிக்கவில்லை. ஆயினும் மனிதரின் துடிப்பும் ஏறியது. எதுவும் அறியாத குதிரையின் துடிப்பும் ஏறியது. கயிற்றின் மறுமுனையில் இருப்பவருடைய நெஞ்சு படபடத்தால் இந்த முனையில் இருக்கும் உயிரும் படபடக்கிறது. நான் இன்று வலியுறுத்த வந்திருக்கும் கோரிக்கையின் வேர் இந்தச் சோதனையில்தான் இருக்கிறது. அந்தக் கோரிக்கையைப் பின்னர் சொல்கிறேன்.

நாயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2011-இல் வெளியான கலிஃபோர்னிய ஆய்வொன்றில், மோப்ப நாய்களையும் அவற்றை நடத்துவோரையும் 18 இணைகளாக ஒரு தேவாலயக் கட்டடத்துக்குள் அனுப்பினார்கள். அங்கே போதைப்பொருளும் இல்லை, வெடிபொருளும் இல்லை. ஆனால் சிவப்புத் தாள் ஒட்டிய இடத்தில் பொருள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று நடத்துவோரை நம்ப வைத்திருந்தார்கள். நாய்கள் கண்டுபிடித்துவிட்டன என்று நடத்துவோர் பலமுறை அறிவித்தார்கள்; அதிலும் சிவப்புத் தாள் இருந்த இடங்களில் மிகுதியாக அறிவித்தார்கள். 2022-இல் வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கிளாரா வில்சன் என்னும் ஆய்வாளர், மனக்கணக்குப் போடவைத்துப் பதற்றப்படுத்திய மனிதர்களின் வியர்வையையும் மூச்சையும், அதே மனிதர்கள் பதற்றத்துக்கு முன் தந்தவற்றையும் நாய்களிடம் மோந்துபார்க்கக் கொடுத்தார். நூற்றுக்கு 93-க்கும் மேற்பட்ட முறை நாய்கள் பதற்றத்தின் வாடையைப் பிரித்துக் காட்டின. ஆகவே முகத்தை மறைத்தாலும் பயன் இல்லை.

யானைக்கு வருகிறேன். கென்யாவின் அம்போசெலிப் பகுதியில் மாசாய் மக்கள் சில வேளைகளில் யானைகளை ஈட்டியால் குத்துவதுண்டு. கம்பா மக்கள் பெரும்பாலும் உழவர்கள். 2014-இல் வெளிவந்த கேரன் மெக்கோம்ப் அம்மையார் குழுவினரின் ஆய்வில், ‘அதோ பாருங்கள், யானைக் கூட்டம் வருகிறது’ என்னும் ஒரே வாக்கியத்தை இரு மக்களின் குரலிலும் பதிவு செய்து யானைகளுக்குக் கேட்கச் செய்தார்கள். மாசாய் ஆண்களின் குரல் கேட்டபோதுதான் அவை கூடுதலாக நெருங்கித் திரண்டு விலகின. மாசாய்ப் பெண்கள், சிறுவர்கள் குரலுக்கு அவ்வளவு அஞ்சவில்லை. தன்னைக் குத்தக்கூடியவன் எவன் என்பதைக் குரலிலேயே பிரித்தறியும் உயிர் அது. 2013-இல் ஜிம்பாப்வேயில் நடந்த ஆய்வொன்று, எந்தத் தனிப்பயிற்சியும் இல்லாமலே, மனிதர் கைகாட்டும் பக்கத்தை யானைகள் புரிந்துகொள்கின்றன என்று காட்டியது.

இத்தகைய உயிருடன் நம் பாகன்கள் பகலும் இரவும் வாழ்கிறார்கள். கழுத்தில் அமர்ந்து காதுக்குப் பின்னால் கால் விரலால் அழுத்தும் அழுத்தத்தில் இவர்கள் பேசுகிறார்கள். பாகனுடைய தொடை இறுகுவதையும், மூச்சு மாறுவதையும், குரல் தடிப்பதையும் யானை கணந்தோறும் அறிந்துகொண்டிருக்கிறது. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்றால், பாகனின் அகம் அவனுடைய உடம்பு முழுவதிலும் யானைக்குத் தெரிகிறது. அப்படியானால் அந்த அகம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க வேண்டியது யார் பொறுப்பு?

தமிழ்நாட்டில் வளர்ப்பு யானைகளின் மேலாண்மைக்கென 2011-இல் விதிகள் வகுக்கப்பட்டன. கொட்டில், உணவு, வேலை, மருத்துவம் ஆகியவற்றைப் பற்றி அவை பேசுகின்றன; அவை இன்றியமையாதவை. ஆனால் ஆய்வுக்கு வருவோர் பசுந்தீவனத்தை எடைபோட்டுப் பார்க்கும் அக்கறையோடு, ‘பாகனே, நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினாய்? சம்பளம் வந்ததா? கடைசியாக எப்போது விடுப்பில் வீட்டுக்குப் போனாய்?’ என்று கேட்கிறார்களா? கேட்க வேண்டும் என்பதே எங்கள் இயக்கத்தின் கோரிக்கை. திருவிழாக் காலத்தில் இரவு முழுவதும் வீதியுலா, விடிந்ததும் கோயில் வாசல், அதற்கிடையில் வெடிச் சத்தம், நெருக்கும் கூட்டம் என்றிருக்கும்போது, கண் எரிய நிற்கும் மனிதனின் பதற்றத்தை யானை வாங்கிக்கொள்கிறது என்பதைக் குடைச் சோதனையை வைத்தே நாம் எண்ணிப் பார்க்கலாம். 2024 நவம்பரில் திருச்செந்தூர்க் கோயில் யானை தாக்கியதில் பாகனும் அவருடைய உறவினரும் உயிரிழந்த செய்தி நம் எல்லோரையும் உலுக்கியது. அதன் காரணம் இன்னதென்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அத்தகைய நாளில் நாம் யானையைப் பற்றி மட்டுமே விவாதிக்கிறோம், யானைக்கு அருகில் அன்றாடம் நிற்கும் மனிதர்களின் நிலையை விவாதிப்பதில்லை என்பதையே சொல்கிறேன்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2023-இல் தெப்பக்காடு, கோழிகமுத்தி ஆகிய வனத்துறை யானை முகாம்களிலிருந்து மாவுத்தர்கள் எனப்படும் பாகன்களும் காவடிகள் எனப்படும் உதவிப் பாகன்களுமாக 13 பேரைப் பயிற்சிக்காகத் தாய்லாந்துக்கு அனுப்ப முடிவெடுத்தார்கள். பாகன்களுக்கு வீடு கட்டித் தருவதாகவும் அறிவித்தார்கள். மனமாரப் பாராட்டுகிறேன். அந்தப் பார்வை கோயில்களுக்கும் தனியார் யானைகளுக்கும் விரிய வேண்டும். ஒரு பாகனை மாற்றுவதானால், புதியவர் பழையவருடன் சில மாதங்களாவது சேர்ந்து இருந்து, யானை அவருடைய குரலையும் நடையையும் அறிந்த பிறகே பொறுப்பு கைமாற வேண்டும். ஒவ்வொரு யானைக்கும் பழகிய இரண்டாம் ஆள் ஒருவர் இருந்தால்தான் முதல் ஆள் காய்ச்சலில் படுக்க முடியும், மகள் திருமணத்துக்கு ஊருக்குப் போக முடியும். வார விடுப்பும் தூங்குவதற்கென ஓர் அறையும் யானையின் கவளத்தோடு சேர்த்துப் பராமரிப்புச் செலவிலேயே எழுதப்பட வேண்டும்.

காளையைப் பற்றியும் பேசுவதாகச் சொன்னேன். நேரம் கடந்துவிட்டதைத் தலைவர் அவர்கள் குறிப்பால் உணர்த்திவிட்டார்கள். வண்டிக்காரரின் மனம் அறிந்து நடந்த மாடுகளைப் பற்றி இந்த அவையிலுள்ள பெரியவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அதை மற்றொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம்.

நான் சொன்ன கோரிக்கைகள் அடங்கிய மனு வாயில் மேசையில் இருக்கிறது. இந்து சமய அறநிலையத் துறைக்கும் வனத்துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மூன்று படிகள் தனித்தனியாகப் போகின்றன. ஆகையால் மூன்றிலும் கையெழுத்திட வேண்டுகிறேன். மாணவர்கள் கையெழுத்தோடு வகுப்பையும் பள்ளியையும் எழுதினால் போதும். வரும் திங்கட்கிழமை மனுக்களை நேரில் கொடுக்கப் போகிறோம். உடன் வர விரும்புவோர் நூலகரிடம் பெயர் தரலாம். நன்றி, வணக்கம்.